இடது ஓரத்தில் ஐந்து பேர்

நான் படம் வரையத் தொடங்கியபோது எனக்கு நாற்பத்தேழு வயது. பகலெல்லாம் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் இறக்குமதிச் சரக்கின் காகிதங்களைச் சரிபார்க்கிற வேலை. மூட்டை எண்ணிக்கை ஒரு தாளில் ஒன்று, இன்னொரு தாளில் வேறு என்று இருந்தால் கண்டுபிடித்துச் சிவப்புப் பேனாவால் சுழிக்க வேண்டும். இருபது வருடம் அடுத்தவர்களின் பிழைகளைப் பார்த்துக்கொண்டே இருந்ததில், நானாக ஏதாவது ஒன்றைச் செய்து பார்க்கலாம் என்று தோன்றியிருக்க வேண்டும்.

ராயபுரத்தில் எங்கள் பங்குக் கோயிலின் ஹாலில், ஞாயிறு பூசை முடிந்ததும் ஏழெட்டுப் பேர் கூடி வரைவோம். வகுப்பு என்று சொல்ல முடியாது, வாத்தியார் கிடையாது. ஒருவர் கொண்டுவந்த படத்தைச் சுவரில் சாய்த்து வைப்போம், மற்றவர்கள் குறை சொல்வார்கள். குறை சொல்வதில் கெட்டிக்காரர் ஒரு வங்கி அக்கா. கிளை மேலாளராக இருந்தவர், மயிலாப்பூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். பாராட்டு அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. ஆனால் ஒரு படத்தில் எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க அவரிடம் சில வழிகள் இருந்தன. கண்ணைச் சுருக்கிப் பார், வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரியும். கண்ணாடியில் காட்டிப் பார். அதுவும் போதாவிட்டால் தலைகீழாகக் கவிழ்த்துப் பார். மரம் மரமாகத் தெரியாமல் வெறும் வடிவமாகத் தெரியும்போது, எங்கே கனம் கூடியிருக்கிறது என்று பிடிபட்டுவிடும் என்பார்.

என்னுடைய இன்னொரு விமர்சகர் என் வீட்டிலேயே இருந்தார்.

என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். கப்பலிலிருந்து கன்டெய்னரைத் தூக்கி லாரியில் இறக்கும் பெரிய கிரேன். பத்து மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, காலடியிலும் கண்ணாடி. அதில் குனிந்தபடி உட்கார்ந்து, கீழே தீப்பெட்டி போலத் தெரியும் பெட்டியை நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பார். வாழ்க்கையில் பென்சிலைக் கணக்குப் போடக்கூட அதிகம் தொட்டவர் இல்லை.

நான் முதன்முதலாக வரைந்தது காசிமேட்டுப் படகுகளை. அதை அலமாரி மேல் சாய்த்து வைத்திருந்தேன். அவர் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாமே இது, படகு படத்த வுட்டே ஓடிப் போவுது?"

எனக்குக் கோபம் வந்தது. பிறகு பார்த்தேன். பெரிய படகின் மூக்கு வலது ஓரத்தை முட்டிக்கொண்டு வெளியே பார்த்தபடி நின்றது. பார்க்கிறவன் கண்ணும் அதன் பின்னாலேயே படத்தை விட்டு வெளியே போய்விடும். படகைத் திருப்பி உள்பக்கம் பார்க்க வைத்தேன். படம் அப்படியே அடங்கி உட்கார்ந்தது.

அடுத்த படத்தில், "நடுவுல கோடு போட்டு ரெண்டா அறுத்துட்டியே. வானமா கடலா, எத்தப் பாக்கச் சொல்ற?" என்றார். தொடுவானம் சரியாகப் பாதியில் இருந்தது. அதை மேலே ஏற்றினேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியுது?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பொட்டிக்குள்ள ஒரு பக்கம் மிஷினு இருக்கும், ஒரு பக்கம் பஞ்சு இருக்கும். வெளிய பார்த்தா ஒண்ணும் தெரியாது. ஒரு அடி தூக்குன ஒடனே கை சொல்லிடும், எந்தாண்ட சாயுதுன்னு. உன் படமும் அப்படித்தான். பார்த்த ஒடனே சாயுது."

வங்கி அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவரை ஒரு நாள் கூட்டிட்டு வாங்க" என்றார். என் கணவர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தூங்குகிற நாள் என்றார்.

அதற்குப் பிறகு நான் அவரிடம் காட்டாமல் எதையும் முடித்ததில்லை. அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை எனக்குள் அப்படி ஊறிவிட்டது. பின்னால் நடந்ததற்கு அந்த நம்பிக்கையும் ஒரு காரணம்.

ஒரு ஜனவரியில் நாங்கள் இருவரும் வண்டியில் எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போனோம். அவர்தான் ஓட்டினார். பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தால், இடுப்பளவு தண்ணீரில் பெண்கள் குனிந்து கையால் சேற்றைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிடித்ததைப் போட்டுவைக்கும் பனையோலைப் பறியின் வாயைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்ததால், ஒருவரும் பேசவில்லை. அவர்களுக்குப் பின்னால் அலையாத்திப் புதர், அதற்கும் பின்னால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், மின்கோபுரங்கள். மாலை வெயிலில் சாம்பல் கலந்த தண்ணீர்கூடப் பித்தளைத் தட்டு போல மின்னியது.

"இத்த வரை. ஸோக்கா கீது" என்றார் அவர்.

போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தேன். அதுவரை சின்னத் தாள்களில்தான் வரைந்திருந்தேன். இதற்காக மூன்றடி அகலத்தில் ஒரு கான்வாஸ் வாங்கினேன். வீட்டில் அதை வைக்க இடமில்லாமல், கூடத்தில் டி.வி. மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி மேல் நிறுத்தினேன்.

முதலில் போட்ட கோடுகளிலேயே சில தப்புகள் எனக்கே தெரிந்தன. இரண்டு புகைபோக்கிகள் படத்தின் நட்டநடுவில், ஒரே உயரத்தில், ஒரே தடிமனில் நின்றன. ஒன்றைச் சற்று வலப்பக்கம் தள்ளினேன், மற்றொன்றைத் தூரத்தில் மங்கலாக்கினேன். மின்கம்பம் ஒன்று புகைபோக்கியின் விளிம்பை ஒட்டிக்கொண்டே போனது. அப்படி இரண்டு கோடுகள் தொட்டுக்கொண்டு போனால் எது முன்னால், எது பின்னால் என்று தெரியாது. கம்பத்தை நகர்த்தினேன். கரை, பாலத்தின் நிழல், புதரின் அடி என்று எல்லாமே படுக்கைக் கோடுகளாக இருந்தன. தண்ணீர் வளைந்து உள்ளே போகிற மாதிரி கரையை வளைத்தேன். பெண்களை இன்னும் வரையவில்லை. இடப்பக்கம் பரந்த தண்ணீரை அவர்களுக்காக விட்டு வைத்திருந்தேன்.

இந்த வேலை நடக்கும்போதே ஒரு நாள் அவர் மத்தியானம் வேலையிலிருந்து தலைவலி என்று வந்து படுத்தார். ஒரு தடவை வாந்தி எடுத்தார். வெயில், பித்தம் என்று நினைத்தோம். இஞ்சிச் சாறு கொடுத்தேன். மறுநாள் எழுந்து, "சரியாப் போச்சு" என்று சொல்லி வேலைக்குப் போய்விட்டார்.

இரண்டு மூன்று நாள் கழித்து நாற்காலியை வெளிச்சத்துக்குத் திருப்பி, "பார்த்துச் சொல்லுங்க" என்றேன்.

இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று பார்த்தார். "லெஃப்ட்ல இன்னா? ஒண்ணும் இல்லியே. காலியா கீது."

"தண்ணி இருக்கே."

"எனுக்கு இன்னாவோ ஆரம்பமே இல்லாத மாதிரி கீது."

சரி என்று அலையாத்திப் புதரை இடது ஓரம் வரை இழுத்தேன், நல்ல கரும்பச்சையில். காட்டினேன். "இன்னும் காலியாத்தான் கீது" என்றார். ஒரு படகைக் கொண்டுவந்து போட்டேன், நீல வண்ணம் அடித்த ஃபைபர் படகு. உதட்டைப் பிதுக்கினார். கடைசியில் பெண்களையும் அங்கேயே வரைந்தேன், ஐந்து பேர், ஒருத்திக்குச் சிவப்புச் சேலை. அவர் அந்த நாற்காலியைக் கடந்துதான் தினமும் குளிக்கப் போவார், சாப்பிட வருவார். ஐந்து பேரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானாகக் கேட்டபோது, "லெஃப்ட் ஸைடுதான் ஒத வாங்குது" என்றார்.

எனக்கு எரிச்சல் வந்தது. "உங்களுக்கு இப்போ என் படத்தைப் பார்க்கவே பிடிக்கல. சும்மா ஏதோ சொல்றீங்க" என்றேன்.

"கேட்ட, சொன்னேன். பேஜார் பண்ணாத" என்றார்.

அந்த நாட்களில் வேறு சிலவும் நடந்தன. தட்டில் இடப்பக்கம் வைத்த பொரியல் அப்படியே மீந்துவிடும். பீன்ஸ் சலித்துவிட்டதாக்கும் என்று கோஸ் வைத்தேன், அதுவும் மீந்தது. பீரோ முனையில் தோளை இடித்துக்கொண்டு, பீரோவைத் திட்டினார். சவரம் செய்த பிறகும் இடது கன்னத்தில் முள் முள்ளாக இருந்தது. "பாதி தாடி வெச்சா புது ஸ்டைலா?" என்று நான் சிரித்தேன். துறைமுக யார்டில் சூப்பர்வைசர் இரண்டு தடவை சத்தம் போட்டதாகவும், தான் பெட்டியை ஒரு பக்கமாக இறக்குவதாகக் குறை சொன்னதாகவும் ஒரு நாள் சொன்னார். "அவனுக்கு கண்ணு சரியில்ல" என்றார். நானும் தலையாட்டினேன்.

அந்த ஞாயிறு கான்வாஸைப் பெரிய போர்வையில் சுற்றி ஆட்டோவில் ஹாலுக்குக் கொண்டுபோனேன். சுவரில் சாய்த்ததும் எல்லோரும் எழுந்து கிட்டே வந்தார்கள். நல்லதுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

வங்கி அக்காதான் ஆரம்பித்தார். "ஏம்மா, எல்லாத்தையும் ஒரே பக்கம் கொட்டி வெச்சிருக்கீங்க? புதர், படகு, அஞ்சு பொம்பளைங்க. இவங்க வேற ரேஷன் கடை வரிசை மாதிரி, ஒருத்தருக்கும் அடுத்தவருக்கும் நடுவுல ஒரே அளவு இடைவெளி. படம் இந்தப் பக்கமா கவுந்து விழுந்துடும்."

"எங்க வீட்டுக்காரர் இடப்பக்கம் காலின்னு சொன்னார்."

"எதை வெச்சுக் காலின்னு சொன்னார்?"

"எல்லாம் வரைஞ்ச பிறகும் அதேதான் சொல்றார்."

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அவர் இப்படிச் சொல்ற ஆள் இல்லையே" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்த ஒரு வரி என்னோடு வந்தது. ஆமாம், அவர் இப்படிச் சொல்கிற ஆள் இல்லை. முதல் படகின் மூக்கைச் சோறு பிசையும்போதே கண்டுபிடித்தவர்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து அவர் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். கான்வாஸை அவருக்கு நேராக நாற்காலியில் வைத்தேன்.

"இதுல எத்தினி பேரு இருக்காங்க, சொல்லுங்க."

"ஆளுங்களா? ஆளுங்க எங்க கீறாங்க? புகைபோக்கி கீது, கம்பம் கீது, அந்தாண்ட கரை கீது."

விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். முகத்தில் விளையாட்டு இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல், ஹாலில் செய்கிற பழக்கத்தில், கான்வாஸைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தேன். இடப்பக்கம் இருந்ததெல்லாம் வலப்பக்கம் போயிற்று.

அவர் பேப்பரைக் கீழே வைத்தார். "அட. இவங்க யாரு? தலகீழா நிக்கிறாங்க... ஒண்ணு, ரெண்டு... அஞ்சு பேரு. செவப்புச் சேல. எப்போமே வரைஞ்ச இவங்கள?"

நான் அவர்களை வரைந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்து, "என் மூக்கையே பாருங்க" என்றேன். அவருக்கு வலது பக்கம், முகத்திலிருந்து சற்றுத் தள்ளி விரலை ஆட்டினேன். தெரிகிறது என்றார். இடது பக்கம் ஆட்டினேன்.

"ஆட்டு" என்றார்.

"ஆட்டிட்டுதான் இருக்கேன்."

அவர் சட்டென்று தலையைத் திருப்பினார். என் விரலைப் பார்த்தார். வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பீரோ, பொரியல், சூப்பர்வைசர் என்று ஒவ்வொன்றாக அவருக்கும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"நாளைக்குக் காலைல ஷிப்ட் கீது" என்றார் கடைசியில்.

"நீங்க நாளைக்கு மேல ஏறக் கூடாது."

"சொம்மா இரு. கண்ணு அசந்து கீது, அவ்ளோதான். தூங்கி எந்திரிச்சா சரியாயிடும்."

"கீழ ஆளுங்க நிக்கிறாங்க."

"இருவத்தாறு வருசம் ஓட்டிகினு கீறேன்! எனுக்குச் சொல்லித் தர்றியா நீ?"

அவர் என்னிடம் அவ்வளவு சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. நான் ஆணியில் தொங்கிய அவருடைய சட்டைப் பையிலிருந்து துறைமுக கேட் பாஸை எடுத்து என் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். அது இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். அவர் பார்த்துக்கொண்டேதான் இருந்தார், பறிக்க வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சரி, ஆட்டோவ கூப்டு, இப்பவே போலாம்" என்றார். குரல் சின்னதாகிவிட்டிருந்தது.

மாத்தூரில் இருக்கிற மகளுக்குப் போன் செய்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் எடுத்த டாக்டர் ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு கண்களையும் மூளையையும் வரைந்து காட்டினார். கண்களில் ஒரு கோளாறும் இல்லை. கண் பார்த்ததை வாங்கிக்கொள்கிற இடத்தில், வலது பக்க மூளையில், ஒரு ரத்தக் குழாய் அடைத்திருக்கிறது. அந்தத் தலைவலி வந்த நாளில் நடந்திருக்கும். அதனால் இரண்டு கண்ணிலுமே இடது பாதி தெரியவில்லை. "தெரியலைங்கறதே அவருக்குத் தெரியாது. அதனாலதான் அவர் மேல தப்பு சொல்ல முடியாது" என்றார். நான் சிரித்த பாதித் தாடி எனக்கு நினைவு வந்தது.

கை கால் நன்றாக இருக்கின்றன, பேச்சு தெளிவாக இருக்கிறது, மறுபடி வராமல் மாத்திரை போட வேண்டும், பார்வை கொஞ்சம் திரும்பலாம், முழுக்கத் திரும்பும் என்று சொல்ல முடியாது. கிரேன் இனி கூடாது. வண்டி ஓட்டவும் கூடாது. டாக்டர் இதைச் சொல்லும்போது அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வலப்பக்கம் இருந்தது.

யார்டில் நல்லபடியாக நடந்துகொண்டார்கள். அவருடைய கிரேனில் யாருக்கும் அடிபடவில்லை என்பதற்காக நான் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினேன். அவருக்கு அதில் ஆறுதல் இல்லை. சாயங்காலங்களில் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். ஒரு நாள் தானாகப் பேசினார்.

"மேல இருந்து பார்த்தா எல்லாம் தெரியும்மே. கப்பலு, கடலு, நம்ம கோயில் கோபுரம், அந்தாண்ட மணலிப் புகை. நம்ம வூட்டு மொட்ட மாடில நீ துணி காயப் போட்டா, அதுகூடத் தெரியும்."

இருபத்தாறு வருடத்தில் அதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. கேட்டுக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கான்வாஸை ஒரு பழைய பெட்ஷீட்டால் மூடிச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று வாரம் அவர் எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். காகிதத்தில் ஒரு மூட்டை குறைந்தால் கண்டுபிடிக்கிற நான், இதைக் கண்டுபிடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். அவள் சிவப்புத் துணி டேப் ஒரு சுருள் கொடுத்தாள். தட்டின் இடது விளிம்பில், மேசையின் இடது விளிம்பில், பேப்பரின் இடது ஓரத்தில் ஒட்ட வேண்டும். "சிவப்பு தெரியற வரைக்கும் தலையைத் திருப்பணும் சார். சிவப்புல ஆரம்பிச்சு அப்புறம் வலப்பக்கம் வரணும்" என்றாள். வீட்டில் செய்ய ஒரு தாளும் தந்தாள். தாள் முழுக்க நட்சத்திரங்கள், ஒன்று விடாமல் கோடு போட்டு அடிக்க வேண்டும். இரண்டு நாள் செய்தார். மூன்றாம் நாள் தாளைக் கசக்கிப் போட்டார். "எல்கேஜி பசங்களுக்குக் குடுக்கற மாதிரி கீது."

அன்றைக்கு நான் பெட்ஷீட்டை எடுத்தேன். கான்வாஸை நாற்காலியில் வைத்து, இடது விளிம்பு நெடுக மேலிருந்து கீழாகச் சிவப்பு டேப்பை ஒட்டினேன். ஐந்து மணி இருக்கும், மேற்கு ஜன்னலில் நல்ல வெளிச்சம்.

"நட்சத்திரம் வேணாம். இதுல ஆளுங்களை எண்ணுங்க."

முனகினார். ஆனால் எழுந்து வந்து உட்கார்ந்தார். தலையை மெல்லத் திருப்பினார், இன்னும் திருப்பினார், டேப்பில் நிறுத்தினார். அங்கிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு வலப்பக்கம் வந்தார். இரண்டு பேர் என்றார். மறுநாளும் இரண்டு. அதற்குப் பிறகு மூன்று. ஒரு நாள் மூன்று பேரைப் பார்த்துவிட்டு, பாதியில் களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டார். நான் டீ போட்டுக் கொடுத்தேன். தினமும் ஐந்து மணிக்கு இதுதான். நான் ஆபீசிலிருந்து சீக்கிரம் வர அனுமதி வாங்கிக்கொண்டேன்.

ஐந்து பேரையும் எண்ணி முடித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எண்ணிவிட்டு எழுந்திருக்கவில்லை. மறுபடி சிவப்பிலிருந்து ஆரம்பித்துப் புதர், படகு, பெண்கள் என்று ஒரு சுற்று வந்தார். முகம் சுளித்தது.

"இன்னாமே இது? லெஃப்ட்ல இவ்ளோ எதுக்கு? ஒரே கசகசன்னு கீது. படம் இந்தாண்ட சாயுது பாரு."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்ததில் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது.

"நீங்கதான் காலியா கீதுன்னு சொன்னீங்க."

"நான் சொன்னா? ஒரு அளவு இல்லியா?" என்றார். பிறகு அவரும் சிரித்தார். வீட்டில் அந்தச் சத்தம் கேட்டுச் சில வாரங்கள் ஆகியிருந்தன.

அதற்கப்புறம் படத்தைச் சரிசெய்யும் வேலையில் இறங்கினோம். எதையும் அழிப்பதற்கு முன்னால் சோதித்துப் பார்க்க ஒரு வழி கண்டுபிடித்தேன். தண்ணீரின் நிறத்தில் காகிதங்களுக்கு வண்ணம் அடித்துக் காயவைத்து, படகு அளவுக்கு ஒன்று, புதர் அளவுக்கு ஒன்று என்று வெட்டிக்கொண்டேன். ஒவ்வொன்றாக ஒட்டி மறைத்துக் காட்டுவேன். அவர் சிவப்பிலிருந்து ஆரம்பித்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வார். படகை மறைத்ததும், "தூக்கு, வேணாம் அது" என்றார். புதரைப் பாதியாகக் குறைத்து, நிறத்தையும் மங்கலாக்கினோம். பெண்களில் மூன்று பேரை மறைத்தபோது மட்டும் கையை நீட்டித் தடுத்தார்.

"ஆளுங்கள எடுக்காத. இவங்களக் கண்டுபுடிக்க எனுக்கு எத்தினி நாளாச்சு தெரியுமா?"

"அஞ்சு பேரும் ஓரத்துல நின்னா படம் சாயும்னு நீங்கதானே சொன்னீங்க."

"எடுக்க வாணாம். நகுத்து. பொட்டிக்குள்ள சரக்கு ஒரே பக்கம் கீதுன்னா சரக்க தூக்கியா போடுவாங்க? பரவலா வெப்பாங்க."

எனக்கு அது தோன்றவே இல்லை. ஐந்து பேரையும் காகிதத்தில் வெட்டி எடுத்து, கான்வாஸ் மேல் வைத்து வைத்துப் பார்த்தோம். இரண்டு பேரை ஒருவர் முதுகை ஒருவர் மறைக்கிற மாதிரி நெருக்கமாக நிறுத்தினோம். மூன்றாமவளைக் கொஞ்சம் தள்ளி, உருவத்தைச் சிறிதாக்கினோம். நான்காமவள் இன்னும் சிறிதாக நடுத் தண்ணீரில், ஐந்தாமவள் ஒரு புள்ளி போலப் புகைபோக்கியின் நிழல் விழுகிற இடத்தில். இப்போது கண் முன்னால் நிற்கிறவளில் தொடங்கி ஒவ்வொருத்தியாகத் தாண்டி உள்ளே, தண்ணீர் வளைகிற இடம் வரை தானாகவே போயிற்று.

சிவப்புச் சேலைக்காரி முன்னால், இடது ஓரத்திலேயே இருந்தாள். ஓரத்தில் சிவப்பு வைத்தால் கண் அங்கேயே மாட்டிக்கொள்ளும் என்று வங்கி அக்கா பல தடவை சொல்லியிருக்கிறார். ஆனால் டேப்பை எடுத்துவிட்டால் என் கணவருக்கு அங்கே ஒரு சிவப்பு வேண்டும். பழைய படத்தில் அவள் வெளிப்பக்கம் பார்த்து நின்றாள். அவளைத் திருப்பி, முகமும் நீட்டிய கையும் உள்ளே பார்க்கிற மாதிரி குனிய வைத்தேன். அவள் கையிலிருந்து கிளம்பும் அலை வட்டங்களும் வலப்பக்கம் போயின. சேலையின் சிவப்பை இரண்டு துளி எடுத்துத் தூரத்தில் நிற்கிறவளின் தலைத்துணியிலும் வைத்தேன். அதற்கப்புறம் அந்தச் சிவப்பு மாட்டிக்கொள்ளவில்லை, உள்ளே அனுப்பி வைத்தது.

டேப்பை உரித்தபோது அவர் பக்கத்தில் நின்றார். அவளைக் கண்டுபிடிக்க அவருக்கு மூன்று நொடி ஆயிற்று. "தோ" என்றார்.

ஹாலில் வங்கி அக்கா அதை வெகு நேரம் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார், கவிழ்த்து வைத்தார், திரும்ப நிமிர்த்தினார். நடந்ததெல்லாம் அவருக்குத் தெரியும், ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு வந்தவர். "அந்தப் புகை நேரா மேல போய் ஓரத்துல முட்டுது. கொஞ்சம் காத்துல சாய விடுங்க" என்றார். பிறகு என் தோளில் கை வைத்தார். அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

புகையைச் சாய்த்தேன். படம் இப்போது கூடத்தில் தொங்குகிறது.

அவருக்கு யார்டு கேட் ஆபீசில் வேலை கொடுத்திருக்கிறார்கள். உள்ளே வரும் பெட்டிகளின் எண்ணைத் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கிட்டத்தட்ட என் வேலைதான். முதல் மாதம் வெறுத்தார். "தரைல இருந்து பார்த்தா பொட்டி எவ்ளோ பெருசா கீது" என்று ஒரு நாள் ஆச்சரியப்பட்டார். பார்வை கொஞ்சம் திரும்பியிருக்கிறது, மேல் பாதியில். கீழ் இடது மூலை இன்னும் இல்லை. பொரியலை நான் தட்டின் வலப்பக்கம் வைப்பதில்லை. பழகட்டும் என்று இடப்பக்கமே வைக்கிறேன். அவர் தட்டைத் திருப்பிக்கொண்டு சாப்பிடுகிறார்.

போன ஞாயிறு திருவொற்றியூர் நெடுஞ்சாலையைக் கடக்க நின்றோம். மணலிப் பக்கம் போகிற டிரெய்லர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. நான் அவருடைய இடது பக்கம் போய் முழங்கையைப் பிடித்தேன்.

"வுடுமே, எனுக்குத் தெரியும்" என்றார்.

நான் கையை விட்டேன், பக்கத்திலேயே நின்றேன். அவர் முகவாய் இடது தோளைத் தொடுகிற வரை தலையைத் திருப்பி, சாலையின் அந்தக் கோடி வரை பார்த்தார். ஒரு டிரெய்லர் போகட்டும் என்று காத்திருந்தார். இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தார். "வா" என்றார். கடந்தோம்.